பெயர் தெரியாத கார்புரேட்டர்

நாற்பது, ஐம்பது வருடம் ஓடிய காரின் பானெட்டைத் திறந்தால் தெரியும் கார்புரேட்டர், அந்தக் காரோடு தொழிற்சாலையிலிருந்து வந்ததாக இருப்பது அபூர்வம். இஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் ஏறிவிடும், கார்புரேட்டருக்கு அப்படி எந்தப் பதிவும் கிடையாது. உதிரிபாகத்துக்குத் தட்டுப்பாடு இருந்த பெர்மிட் காலத்தில் கையில் கிடைத்ததை மாட்டினார்கள். டாக்ஸிக்காரர்கள் மைலேஜுக்காக மாற்றினார்கள். இஞ்சினையே மாற்றிய வண்டிகளில் புது இஞ்சினோடு ஒட்டிக்கொண்டு வேறொன்று வந்தது. பிறகு வேகப் பிரியர்களின் கை பட்டது. அம்பாசடர், ஃபியட் 1100, பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று எதை எடுத்துக்கொண்டாலும், நாலு கை மாறுவதற்குள் கார்புரேட்டரின் பூர்வீகம் அறுந்துபோயிருக்கும்.

பூர்வீகம் தெரியாவிட்டால் பட்டறையில் வேலை நகராது. பேக்கிங் கிட் கேட்டுப் போனால், சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைக்காரர் முதலில் கேட்பது மாடல் என்ன என்பதைத்தான். ‘அம்பாசடர் கார்புரேட்டர்’ என்பது பாதிப் பதில்கூட ஆகாது. அம்பாசடரில் எஸ்.யூ. கம்பெனியுடையதும் வந்திருக்கிறது, சோலெக்ஸ் கம்பெனியுடையதும் வந்திருக்கிறது. இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. வண்டியின் பெயரை வைத்துக் கார்புரேட்டரைத் தேடும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். மாற்றம் செய்த வண்டியில் கார்புரேட்டரைத் தனிப் பொருளாகவே பார்க்க வேண்டும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே கண்ணால் பாதி தெரிந்துவிடும். ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் காற்று மேலிருந்து கீழே இறங்குகிறதா, பக்கவாட்டில் போகிறதா என்பது தெரியும். மிகப் பழைய சில வண்டிகளில் கீழிருந்து மேலே ஏறும் வகையும் உண்டு. அடுத்து, காற்று போகும் தொண்டை ஒன்றா, இரண்டா, நான்கா என்று பார்க்க வேண்டும். இரண்டு இருந்தால் ஆக்ஸிலேட்டர் லீவரைக் கையால் மெதுவாகத் திருப்பி, உள்ளே தகடுகள் திறக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே திறந்தால் அது ஒரு ரகம். ஒன்று முக்கால்வாசி திறந்த பிறகு மற்றது அசைந்தால் வேறு ரகம். இரண்டாவது தகடு கைக்கு அசையவே இல்லை என்றால் அது பழுது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஓடும் இஞ்சினின் வேக்குவம் இழுத்துத் திறக்கும் அமைப்பாக இருக்கலாம். பக்கத்தில் ரப்பர் டயாப்ரம் அடங்கிய வட்டமான டப்பா இருந்தால் அநேகமாக அதுதான்.

பக்கவாட்டில் காற்று வாங்கி, தலையில் கவிழ்த்த சொம்பு மாதிரி ஒரு மூடியைச் சுமந்திருப்பது எஸ்.யூ.வாகவோ ஸ்ட்ராம்பெர்க்காகவோ இருக்கும். இந்த ரகத்தில் தொண்டையின் அளவு நிலையாக இராது. மூடிக்குள் இருக்கும் பிஸ்டன், இஞ்சின் இழுக்கும் காற்றுக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதன் அடியில் தொங்கும் கூர்ந்த நீடில் ஒரே ஒரு ஜெட்டுக்குள் ஏறி இறங்கி பெட்ரோலை அளந்துவிடும். மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் என்று தனித்தனியாக இங்கே தேடினால் கிடைக்காது. பிஸ்டனின் ஓரம் முழுவதும் உலோகமாக இருந்து, மூடியின் உள்சுவரோடு மயிரிழை இடைவெளியில் நகர்ந்தால் அது எஸ்.யூ. மாறாக, பிஸ்டனுக்கு மேல் ரப்பர் டயாப்ரம் விரித்து, மூடியை நான்கு திருகுகளால் பிடித்திருந்தால் ஜெனித் நிறுவனத்தின் ஸ்ட்ராம்பெர்க் சி.டி. இந்த ரப்பர் கிழிந்துவிட்டால் பிஸ்டன் ஏறாது, வண்டி மேட்டில் மூச்சு வாங்கும். அந்தப் புகாரோடு வரும் வண்டியில் மூடியைத் திறந்ததுமே குற்றவாளியும் பெயரும் ஒன்றாகக் கிடைத்துவிடும்.

எஸ்.யூ. என்று தெரிந்தபின் அதன் வம்சத்தைப் பார்க்க வேண்டும். ஃப்ளோட் கிண்ணத்தின் அடியிலிருந்து ஜெட்டின் அடிக்கு மெல்லிய நைலான் குழாய் ஓடினால் அது எச்.எஸ். வகை. குழாய் இல்லாமல் கிண்ணம் உடம்போடு உறுதியான கையால் பிணைக்கப்பட்டிருந்தால் அதற்கும் முந்தைய எச். வகை. கிண்ணமே வெளியில் தெரியாமல் உடம்பின் அடியில் அடங்கியிருந்தால் பிந்தைய எச்.ஐ.எஃப். இந்த வகைப் பெயர்களுக்குப் பின்னால் வரும் எண்ணில் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு அங்குலத்துக்கு மேல் எத்தனை எட்டில் ஒரு பங்கு என்பதைத்தான் அது சொல்கிறது. எச்.எஸ்.2 என்றால் ஒன்றேகால் அங்குலம், எச்.எஸ்.4 என்றால் ஒன்றரை, எச்.எஸ்.6 என்றால் ஒன்றேமுக்கால். இஞ்சின் பக்கத்துத் துளையில் வெர்னியரை வைத்தால் முறையே 31.75, 38.1, 44.45 மி.மீ. காட்டும். எச்.ஐ.எஃப்.44 வந்த காலத்தில் கணக்கு மாறி, நேரடியாக மில்லிமீட்டர் ஆகிவிட்டது. ஸ்ட்ராம்பெர்க்கில் 150 என்றால் ஒன்றரை அங்குலம், 175 என்றால் ஒன்றேமுக்கால்.

எஸ்.யூ.வின் முழு முகவரி, மூடித் திருகு ஒன்றின் அடியில் மாட்டிய சின்ன அலுமினியத் தகட்டில் இருக்கும். ‘ஏ.யூ.டி.’ அல்லது ‘ஏ.யூ.சி.’ என்ற எழுத்துகளும் ஒரு எண்ணும் கண்டால், எந்த வண்டியின் எந்த இஞ்சினுக்கு அது தயாரானது, எந்த நீடில், எந்த ஸ்பிரிங் என்பது வரை பட்டியலில் பார்த்துவிடலாம். கஷ்டம் என்னவென்றால், மூடியை முதன்முதலில் திறந்த மெக்கானிக்கே பெரும்பாலும் அந்தத் தகட்டைத் தூக்கி எறிந்திருப்பார். வாஷர் என்று நினைத்து வேறு இடத்தில் மாட்டிய கூத்தும் உண்டு.

தகடு இல்லாதபோது நீடில் பேசும். பிஸ்டனின் பக்கத்துத் திருகைத் தளர்த்தி நீடிலை உருவினால், அதன் தடித்த கழுத்தில் சில எழுத்துகளோ எண்களோ பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. எழுத்து தேய்ந்திருந்தாலும் வழி மூடிவிடவில்லை. எஸ்.யூ. நீடில் பட்டியல்கள் ஒவ்வொரு எட்டில் ஒரு பங்கு அங்குலத்திலும் நீடிலின் விட்டத்தைத் தருகின்றன. மைக்ரோமீட்டரால் அதே இடங்களில் அளந்து, வரிசையாக எழுதி, பட்டியலில் ஒத்துப்பார்த்தால் பெயர் கிடைத்துவிடும். பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் ஊகத்துக்கு இடமில்லாத வேலை. நீடிலோடு ஜெட்டையும் பார்க்க வேண்டும். ஒன்றேகால், ஒன்றரை அங்குல எஸ்.யூ.க்களில் பொதுவாக 0.090 அங்குல ஜெட், ஒன்றேமுக்காலில் 0.100. ஒரு ஜெட்டுக்கு உரிய நீடிலை இன்னொன்றில் போட்டால் எந்த ட்யூனிங்கும் நிற்காது. பிஸ்டன் ஸ்பிரிங்கின் நுனியில் பூசிய வண்ணமும் ஒரு சாட்சி: நீலம் 2½ அவுன்ஸ், சிவப்பு 4½, மஞ்சள் 8, பச்சை 12. இரட்டை எஸ்.யூ. வைத்த வண்டியில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் மஞ்சளும் இருந்தால், இரண்டு வெவ்வேறு வண்டிகளிலிருந்து ஜோடி சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மூடியும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் சேர்த்தவை. கழற்றும்போது இரண்டு கார்புரேட்டரின் மூடிகளையும் கலந்துவிட்டால், அடையாளம் காண வந்தவரே புதிதாக ஒரு பிசகைச் சேர்த்தவர் ஆவார்.

சொம்பு மூடி இல்லாதவை எல்லாம் நிலையான தொண்டை உள்ளவை. பழைய இந்திய வண்டிகளில் இவற்றில் அதிகம் தென்படுவது சோலெக்ஸ். மூடியில் பெயர் வார்த்திருக்கும், ஆனால் அதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஒரே மூடி பல மாடல்களுக்குப் பொருந்தும், கடையில் தனியாகவும் கிடைக்கும். மாடல் பெயரில் முன்னால் நிற்கும் எண்தான் முக்கியம். 32 பி.பி.ஐ.சி. என்றால் 32 என்பது த்ராட்டில் தகடு இருக்கும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். மேலே ஏர் கிளீனர் உட்காரும் வாயை அளந்து 32 இல்லை என்று குழம்புகிறவர்கள் உண்டு. அளக்க வேண்டியது அடிப்பக்கத்தை. எழுத்துகள் ரகத்தைச் சொல்கின்றன. பி.பி.ஐ.சி. ரகத்தில் தொண்டையை மூடும் சோக் தகடு இருக்காது. குளிரில் ஸ்டார்ட் செய்ய, பக்கத்தில் கேபிளால் திரும்பும் வட்டத் தகடு கொண்ட தனி ஸ்டார்ட்டர் இருக்கும். ஆகவே தொண்டையில் சோக் தகடு இருக்கிறதா என்ற ஒரே கேள்வியிலேயே பல சந்தேகங்கள் கழிந்துவிடும்.

வெபர் கம்பெனியும் இதே மாதிரிதான் எண்ணுகிறது. 32/36 டி.ஜி.வி. என்றால் முதல் தொண்டை 32, இரண்டாவது 36 மி.மீ. கையால் இழுக்கும் சோக் உள்ளது டி.ஜி.வி.; தண்ணீர்ச் சூட்டில் தானே இயங்கும் சோக் என்றால் டி.ஜி.ஏ.வி.; மின்சார சோக் என்றால் டி.ஜி.ஈ.வி. அதே உடம்பின் தோற்றத்தில் இரண்டு தொண்டையும் 38 மி.மீ. ஆக இருந்து ஒன்றாகத் திறந்தால் 38 டி.ஜி.ஏ.எஸ். எண்ணைத் தேட வேண்டிய இடம், கீழ்நோக்கி இறங்கும் வெபர்களில் அடி ஃபிளாஞ்சின் விளிம்பு. மேனிஃபோல்டில் மாட்டியிருக்கும்போது அழுக்கு மூடியிருப்பதும் அந்த இடம்தான். பந்தய வண்டிகளில் புகழ்பெற்ற பக்கவாட்டு டி.சி.ஓ.ஈ. வகையில் எண் மேல் மூடிப் பக்கம் இருக்கும். இந்த டி.சி.ஓ.ஈ.யின் சாயலில் டெல்லோர்ட்டோ டி.எச்.எல்.ஏ., மிக்குனி சோலெக்ஸ் பி.எச்.எச். ஆகியவையும் இருப்பதால், தூரத்திலிருந்து பார்த்து வெபர் என்று விலை பேசிவிடக் கூடாது. 32/36-க்கு நகல்களும் சந்தையில் உண்டு. தயாரித்த நாட்டின் பெயரும் குத்திய மாடல் எண்ணும் எங்கும் இல்லாமல் உடம்பு மட்டும் பளபளப்பாக இருந்தால் சந்தேகப்படுவதே நல்லது. நகல் ஓடாது என்பதில்லை; அசலுக்குச் செய்த ஜெட்டும் பேக்கிங்கும் அதில் உட்காரும் என்று நம்பி வாங்க முடியாது, அவ்வளவுதான்.

மாருதியின் வருகைக்குப் பிறகு மிக்குனி குடும்பமும் பழைய வண்டிகளுக்குள் புகுந்தது. சென்னையை அடுத்த மறைமலைநகரில் யூகால் நிறுவனம் ஜப்பானிய மிக்குனியின் கூட்டில் கார்புரேட்டர்களைத் தயாரித்ததால், பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் அவை தாராளமாகக் கிடைத்தன. பத்மினியின் மேனிஃபோல்டில் ஒரு தடித்த அலுமினியப் பலகையை இடையில் வைத்து இவற்றை உட்கார வைத்திருப்பார்கள். அந்தப் பலகையைக் கண்டாலே, மேலே இருப்பது வேறு வண்டியின் சொத்து என்று புரிந்துகொள்ளலாம். பலகையின் இரண்டு பக்கத்திலும் ஸ்டட் துளைகளின் மையத் தூரத்தை அளந்து வைத்துக்கொள்வது உதவும். கீழ்ப்பக்கம் இஞ்சினின் பழைய கார்புரேட்டரையும், மேல்பக்கம் வந்து உட்கார்ந்ததையும் காட்டிக்கொடுக்கும்.

எண்ணைப் படிப்பதில் ஒரு விதி அநேகமாக எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும். வார்ப்பிலேயே எழும்பி நிற்கும் எண், அந்த வார்ப்பு அச்சின் எண். பல மாடல்களுக்குப் பொதுவாக இருக்கும். பிறகு குத்தி இறக்கிய எண்தான் மாடலின் எண். பெரிய எழுத்தில் கண்ணில் படுவது முதலாவது, தேவைப்படுவது இரண்டாவது. அமெரிக்க ஹோலியில் காற்று வாயின் முகப்பில் ‘லிஸ்ட்’ என்ற சொல்லோடு குத்தியிருக்கும் எண்ணே அடையாளம்: 1850 என்றால் நிமிடத்துக்கு 600 கன அடி விடும் நான்கு தொண்டை மாடல். அதன் கீழே இருக்கும் எண் தயாரித்த தேதிக்கானது. கார்ட்டரில் திருகின் அடியில் உலோகத் தகடு மாட்டியிருப்பார்கள், அதற்கும் எஸ்.யூ. தகட்டின் கதிதான்.

குத்திய எழுத்து தெரியாவிட்டால் கம்பி பிரஷ்ஷை எடுக்கக் கூடாது. துத்தநாகக் கலவை உலோகம் மென்மையானது, எழுத்து இன்னும் அழியும். பெட்ரோலில் நனைத்த பழைய பல் பிரஷ்ஷால் துடைத்து, காய்ந்தபின் சாக்பீஸைத் தேய்த்துத் துணியால் ஒற்றினால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கத்திலிருந்து சாய்த்து அடித்து, கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் பலமுறை கண்ணுக்குத் தப்பியதும் தெரியும்.

எண் கிடைத்தது என்பதற்காக உள்ளே பார்க்காமல் விட்டால் ஏமாற்றம் மிஞ்சும். மாற்றம் செய்த வண்டியில் மூடி ஒன்றிலிருந்தும், உடம்பு இன்னொன்றிலிருந்தும், த்ராட்டில் அடிப்பாகம் மூன்றாவதிலிருந்தும் வந்திருக்கலாம். பேக்கிங்கை எடுத்துவிட்டு இரண்டு பாகங்களின் முகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொருந்தாத ஜோடியில் ஒரு பக்கம் காற்றுத் துளை இருக்கும், எதிர்ப்பக்கம் சுவராக இருக்கும். திருகுகளின் மரையும் துப்புத் தரும்: சோலெக்ஸிலும் வெபரிலும் மெட்ரிக் மரை, ஆங்கிலேய எஸ்.யூ.வில் அங்குல மரை. ஒரு திருகு மட்டும் பாதியில் இறுகினால் யாரோ மரையை மாற்றியிருக்கிறார்கள். கேஸ் கிட் போட்டுக் கழற்றிய வண்டிகளில் தொண்டையின் சுவரைத் துளைத்து, பிறகு எம்-சீல் வைத்து அடைத்திருப்பார்கள். பெட்ரோலில் ஊறி அது இளகினால் திருட்டுக் காற்று உள்ளே போகும். இதற்கு எந்த மாடல் புத்தகத்திலும் பதில் இராது.

ஜெட்டுகளைக் கழற்றி எண்களை எழுத வேண்டும். தொண்டைக்குள் இருக்கும் வெஞ்சுரியின் எண்ணையும் சேர்த்து. சோலெக்ஸிலும் வெபரிலும் ஜெட் எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது: 120 என்றால் 1.20 மி.மீ. ஹோலியின் எண் வரிசை எண் மாதிரி. 72-ஆம் ஜெட்டின் துளை 0.079 அங்குலம். மிக்குனியின் அறுகோண மெயின் ஜெட்டில் எண் என்பது வழிந்தோடும் அளவைக் குறிப்பது. ஒரு கம்பெனியின் 120-ஐ இன்னொரு கம்பெனியின் 120-க்குச் சமம் என்று எடுத்துக்கொண்டு ட்யூன் செய்த வண்டிகள் கரும்புகையோடு திரும்பி வரும்.

ஜெட்டில் பொறித்த எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. மைலேஜுக்காக ஈயம் வைத்துத் துளையைக் குறுக்கியதும், இழுவைக்காக ட்ரில் பிட்டால் அகலமாக்கியதும் நம் பட்டறைகளில் சாதாரணம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், தொழிற்சாலைத் துளையின் சுவர் வழவழப்பாக இருக்கும். கையால் பெருக்கியதில் சுழல் கீறல் தெரியும். அளவுள்ள பின் கேஜ்களை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தால் உண்மை அளவு வந்துவிடும். பொறித்த எண்ணும் அளந்த எண்ணும் வேறாக இருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்வதே முறை.

அளவுகள் கைக்கு வந்ததும், இந்தக் கார்புரேட்டர் இந்த இஞ்சினுக்குப் பொருந்துமா என்று கணக்குப் பார்க்கலாம். அம்பாசடரின் 1,489 சி.சி. இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை முழுக் கொள்ளளவையும் இழுக்கும். 5,000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 3,722 லிட்டர். நடைமுறையில் எண்பது சதவீதம்தான் நிரம்பும் என்று வைத்தால் ஏறக்குறைய 3,000 லிட்டர் காற்று. ஹோலி 1850 விடக்கூடியது ஏறத்தாழ 17,000 லிட்டர். அதை இந்த இஞ்சினில் மாட்டினால் தொண்டையில் காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோலை உறிஞ்சித் தூளாக்கும் சக்தியே இராது. பெரிய கார்புரேட்டர் பெரிய சக்தி தரும் என்ற நம்பிக்கைதான் பல நல்ல இஞ்சின்களைத் திணற வைத்திருக்கிறது. சிலிண்டருக்கு ஒரு தொண்டை என்று டி.சி.ஓ.ஈ. மாட்டிய வண்டிகளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வெஞ்சுரியின் மில்லிமீட்டரை நான்கால் பெருக்கினால் மெயின் ஜெட்டின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும். 32 மி.மீ. வெஞ்சுரியில் 130-ஐ ஒட்டிய ஜெட் இருந்தால் நியாயம். 180 இருந்தால் யாரோ விளையாடியிருக்கிறார்கள். ஒரே தொண்டை நான்கு சிலிண்டருக்கும் ஊட்டும் சோலெக்ஸுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் கிடைக்காத கார்புரேட்டர்கள் சில மிஞ்சும். அவற்றுக்குக் கிட் வாங்குவதில்லை, செய்கிறார்கள். பழைய பேக்கிங்கை எறியாமல் காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்து, ஒவ்வொரு துளையையும் குறித்து, பேக்கிங் தாளில் வெட்டிக்கொள்ளலாம். ஃப்ளோட்டின் நீடில் வால்வில் அதன் துளை அளவு பெரும்பாலும் பொறித்திருக்கும். அந்த அளவையும் மரையையும் கொண்டு வேறு கம்பெனியின் வால்வைப் பொருத்த முடியும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் பம்புகளுக்கு வரத் தொடங்கியபின், பழைய இருப்பில் கிடைக்கும் ரப்பர் பாகங்கள் ஊதிப்போவதும், எத்தனால் இழுத்த ஈரத்தால் கிண்ணத்தின் அடியில் வெள்ளைத் தூள் பிடிப்பதும் கூடியிருக்கின்றன. டயாப்ரமும் ஓ-ரிங்கும் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் சரக்கா என்று கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக மிஞ்சுவது ஃப்ளோட் மட்டம். மாடல் தெரிந்தால் புத்தகத்தில் அளவு இருக்கும். தெரியாதபோது, நிலைத் தொண்டை ரகத்தில் கிண்ணத்துப் பெட்ரோலின் மட்டம் மெயின் நாசிலின் வாய்க்குச் சில மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும் என்ற பொது விதியிலிருந்து தொடங்கலாம். கிண்ணத்தின் வடிகால் துளையில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, அதை உடம்போடு ஒட்டி நிமிர்த்திப் பிடித்து, இஞ்சினை ஐட்லிங்கில் விட்டால் மட்டம் வெளியே தெரியும். நாசிலிலிருந்து தானாகச் சொட்டினால் ஃப்ளோட்டின் நாக்கை வளைத்து மட்டத்தை இறக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை நிதானமாக ஏற்றும்போது இஞ்சின் வெட்டினால் சற்று ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாமல், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தியே பார்க்க வேண்டும்.